ஓட விட்டோம்... நிறுத்தினோமா?



நம் ஆண்டு மலரில் கவிதை இருக்கும், துணுக்கு இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்கும். அவற்றுக்கு நடுவே புரோகிராம் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். நான் எழுத வந்தது ஒரு டைமரைப் பற்றி. நான் எழுதிய டைமர். அந்த டைமரால் ஒரு பையனுடைய சம்பளத்தில் பிடித்தம் விழுந்திருக்கும். விழாமல் போனதற்கு என் திறமை காரணமில்லை. சுவரில் தொங்கிய ஒரு கடிகாரம்தான் காரணம்.

நடந்ததைச் சொல்கிறேன். பிறகு என் கருத்தைச் சொல்கிறேன். ஒத்துக்கொள்வதும் சண்டைக்கு வருவதும் உங்கள் விருப்பம்.

லீவில் திருப்பூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். நாலே நாலு மேஜை, ஒரு மேக் மினி, ஒரு அக்கா. அந்த அக்காவும் நம்மைப் போல டிப்ளமோதான். ஒரு சாயப்பட்டறைக்கு ஐபேடில் ஓடும் ஆப் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். வேலை ரொம்ப சிம்பிள். சாயத்தொட்டியில் சோடா போட்டதும் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். 40 நிமிடம் ஒவ்வொரு செகண்டாகக் குறைந்து வர வேண்டும். சைபர் ஆனதும் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரே நாளில் எழுதி முடித்தேன். ஒரு செகண்டுக்கு ஒரு தடவை அடிக்கும் டைமர். அது அடிக்கும்போதெல்லாம் ஓட வேண்டிய வேலையை ஒரு பிளாக்காகக் கட்டிக் கொடுத்தேன். பிளாக்குக்குள் ஒரே கணக்கு: மீதி நேரத்தில் ஒன்று கழி. அவுட்புட் அழகாக வந்தது. "அக்கா, முடிஞ்சிருச்சு" என்றேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

மறுநாள் பட்டறைக்குப் போனோம். முதல் தொட்டி சரியாக ஓடியது. இரண்டாவது தொட்டியில் பட்டனைத் தட்டிய உடனே, பட்டறைப் பையன் வேறு தொட்டியைப் பார்க்க லிஸ்டுக்குப் போய்விட்டுத் திரும்ப இந்தத் தொட்டியின் ஸ்கிரீனுக்கு வந்தான். யாரும் செய்கிற காரியம்தானே! கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. பையன் துணியை எடுக்கக் கை வைத்தான். அப்போது டையிங் மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, நான் சோடா போட்டது ஒம்பதே காலுக்கு. இப்ப ஒம்பது முப்பத்தஞ்சு. அதுக்குள்ள உங்க பொட்டியில நாப்பது நிமிசம் ஆயிப் போச்சுங்களா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் பார்க்காமல் இருந்திருந்தால்? ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு சேர்வது சோடாவின் காரத்தில்தான். அதற்கு நேரம் வேண்டும். பாதியில் எடுத்தால் சேராத சாயம் கழுவும் தண்ணீரோடு போய்விடும். ஷேடு வராது. மொத்த லாட்டையும் திரும்பச் செய்ய வேண்டும். பழி யார் மேல் விழும்? கம்ப்யூட்டர் மேல் விழாது. என் மேலும் விழாது. "மணி அடிச்சது, எடுத்தேன்" என்று சொல்லும் அந்தப் பையன் மேல்தான் விழும்.

ஆபீசுக்குத் திரும்பியதும் அக்கா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, டைமரை ஓட விட்டது நீ. நிறுத்துறது யாரு?"

"நிறுத்தறதுக்கும் எழுதியிருக்கேன்க்கா! ஸ்கிரீன் அழியும்போது நிறுத்துற மாதிரி, டிஇனிட்ல போட்டிருக்கேன்."

"சரி, அந்த ஸ்கிரீன் அழியுதான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. டிஇனிட்டில் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். ஸ்கிரீனைத் திறந்து மூடினேன். பத்துத் தடவை. பிரிண்ட் ஒரு தடவைகூட வரவில்லை. நான் மூடியதாக நினைத்த பத்து ஸ்கிரீனும் உள்ளே உயிரோடு உட்கார்ந்து, ஆளுக்கொரு செகண்டாகக் கழித்துக்கொண்டிருந்தன! பட்டறையில் இரண்டு ஸ்கிரீன் சேர்ந்து கழித்ததால்தான் 40 நிமிடம் 20 நிமிடமாகிப் போனது.

ஏன் அழியவில்லை?

நண்பர்களே, இதைப் புரிந்துகொள்ள பி.இ. தேவையில்லை. கால்பேக் என்றால் என்ன? கடையில் சாமான் இல்லையென்றால் போன் நம்பரைக் கொடுத்து "வந்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம் அல்லவா, அதுதான் கால்பேக். வாசலிலேயே காத்துக் கிடக்காமல் நம் வேலையைப் பார்க்கப் போகலாம். நேரம் வந்ததும் அவர்கள் கூப்பிடுவார்கள்.

ஆப்பிள் கம்பெனி இந்த பிளாக் என்பதை 2009-ல் மேக் கம்ப்யூட்டருக்கும், 2010-ல் ஐபோனுக்கும் கொண்டுவந்தது. ஆனால் அவர்களுடைய டைமர் நேரடியாக பிளாக் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது 2016-ல்தான். அதுவரை "யாரைக் கூப்பிட வேண்டும், எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும்" என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பிளாக் வந்ததும் வேலையை அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்க முடிந்தது. வசதிதான். ஆனால் வசதிக்குள் ஒரு வலையும் இருக்கிறது.

பிளாக் வெறும் கட்டளைச் சீட்டு அல்ல. சீட்டில் யார் பெயர் வருகிறதோ, அவர் கையையும் பிடித்துக்கொண்டே போகும் சீட்டு. பிளாக்குக்குள் "செல்ஃப்" என்று எழுதினேன். செல்ஃப் என்றால் அந்த ஸ்கிரீன். பிளாக் ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டது. டைமர் பிளாக்கைப் பிடித்துக்கொண்டது. டைமரை ரன்லூப் பிடித்துக்கொண்டது. ரன்லூப் என்பது ஆப் உயிரோடு இருக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் சக்கரம். இந்த முறையில் ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை நடக்கும். எண்ணிக்கை சைபர் ஆனால்தான் அது அழியும். என் ஸ்கிரீனை பிளாக் விடவே இல்லை. எண்ணிக்கை சைபர் ஆகவே இல்லை.

இப்போது என் முட்டாள்தனம் புரிகிறதா? ஸ்கிரீன் அழிந்தால் டைமரை நிறுத்துவேன் என்று எழுதினேன். டைமர் நின்றால்தான் ஸ்கிரீன் அழியும் என்று சிஸ்டம் சொன்னது. "கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்" என்று ஊரில் சொல்வார்களே, அந்தக் கதைதான்!

மாற்று என்ன? அக்கா மூன்று காரியம் செய்யச் சொன்னார்.

ஒன்று, பிளாக் ஸ்கிரீனை இறுக்கிப் பிடிக்காதபடி "வீக் செல்ஃப்" என்று எழுதுவது. பார்த்துக்கொள்ளும், ஆனால் கையைப் பிடிக்காது. ஸ்கிரீன் போய்விட்டால் பிளாக்குக்குள் வெறும் நில்தான் இருக்கும்.

இரண்டு, ஸ்கிரீனை விட்டு வெளியேறும் இடத்திலேயே டைமரை இன்வேலிடேட் செய்வது. வீக் போட்டாயிற்றே, இது எதற்கு என்று கேட்கலாம். வீக் போட்டால் ஸ்கிரீன்தான் அழியும்; டைமர் அழியாது. யாரும் நிறுத்தாவிட்டால், ஆள் இல்லாத வீட்டில் காலிங் பெல் அடிப்பது போல அது செகண்டுக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டே இருக்கும். பேட்டரிதான் வீண்.

மூன்றாவதுதான் முக்கியம். "ஒன்று கழி" என்ற கணக்கையே தூக்கிப் போடுவது. பட்டனைத் தட்டும்போதே "இந்தத் தொட்டி எத்தனை மணிக்கு முடியும்" என்று கணக்கிட்டு எழுதி வைத்துவிட வேண்டும். டைமர் அடிக்கும்போதெல்லாம் முடியும் நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்துக் காட்ட வேண்டும். இப்படி எழுதினால் பத்து டைமர் ஓடினாலும் பதில் ஒன்றுதான்.

மூன்றாவதன் அருமை எனக்கு அடுத்த நாளே தெரிந்தது. வெறுமனே கழிக்கிற பழைய புரோகிராமை ஓட விட்டு, ஐபேடை லாக் செய்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நான் போனபோது இருந்த இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது! ஆப் பின்னால் போனதும் சிஸ்டம் அதை உறங்க வைத்துவிடும். உறங்குகிற ஆப்பில் டைமர் அடிக்காது. நேற்று 40 நிமிடம் 20 ஆனது. இன்று 40 நிமிடம் 55 ஆகும். ஆகவே ஸ்கிரீனில் எண்ணைக் காட்ட மட்டும் டைமர். மணி அடிப்பதற்கு, "இத்தனை மணிக்கு எழுப்பு" என்று சிஸ்டத்திடமே நோட்டிஃபிகேஷன் பதிவு செய்ய வேண்டும். நம் ஆப் தூங்கினாலும் சிஸ்டம் தூங்காது.

டெஸ்க்டாப்பிலும் இதே கதைதான். 2013-ல் வந்த மேக் சிஸ்டம், பின்னால் மறைந்து கிடக்கும் ஆப்களின் டைமரை மெதுவாக்க ஆரம்பித்தது. எல்லாம் மின்சாரத்தைச் சேமிக்கத்தான். அதே வருடம் "கொஞ்சம் முன்னே பின்னே அடித்தாலும் பரவாயில்லை" என்று டைமரிடம் சொல்லும் வசதியும் வந்தது. இடைவெளியில் பத்தில் ஒரு பங்காவது இப்படி விட்டுக் கொடுங்கள் என்பது ஆப்பிளின் அறிவுரை. ஆக டைமர் என்பது "குறைந்தது இவ்வளவு நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன்" என்ற வாக்குதான். சரியாக அந்த நொடியில் கூப்பிடுகிறேன் என்று அது யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

சின்னப் பிழைதானே என்பவர்களுக்கு...

"ஒரு செகண்டு முன்னே பின்னே போனா என்னடா" என்று என் ரூம்மேட் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். 1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர் நேரம். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு காவலுக்கு நின்றது. அதன் கம்ப்யூட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு செகண்டாக எண்ணியது. பத்தில் ஒன்று என்ற எண்ணை பைனரியில் முழுசாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டினால் ஒரு துளி குறையும். சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துளிகள் சேர்ந்து ஏறக்குறைய 0.34 செகண்டு ஆனது. பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையை அரை கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தள்ளித் தேடியது ராடார். 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அது கால்பேக் பிழை இல்லை, வேறு வகைப் பிழை. ஆனால் "எண்ணிக்கொண்டே போனால் சரியாக இருக்கும்" என்ற நம்பிக்கை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை! இதுதான் நான் அழுத்திச் சொல்ல வரும் விஷயம். மைக்ரோகன்ட்ரோலர் லேபில் 8051-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். 50 மில்லிசெகண்டு வேண்டுமென்றால் 65,536-ல் 50,000 போக மீதி 15,536-ஐ டைமரில் ஏற்றுகிறோம். நிரம்பி வழிந்ததும் இன்டரப்ட் வருகிறது. 20 தடவை வந்தால் ஒரு செகண்டு. அந்த இன்டரப்ட் சர்வீஸ் ரொட்டீன் என்ன? அதுவும் "நேரம் வந்ததும் கூப்பிடு" என்கிற சங்கதிதானே! அதற்குள் நிறைய வேலை வைக்கக்கூடாது, டைமரைத் திரும்ப லோடு செய்ய மறக்கக்கூடாது, வேண்டாதபோது டிஆர் ஜீரோ பிட்டை கிளியர் செய்ய வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதே ஒழுக்கம்தான் ஐபேடிலும். சிலிக்கானில் பிட்டாகப் பார்த்ததை இங்கே பிளாக்காகப் பார்க்கிறோம்.

"ஆப் எழுதறதெல்லாம் பி.இ. பசங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு" என்று சொல்லும் நண்பர்களே, தயவு செய்து அப்படிச் சொல்லாதீர்கள். டைமருக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று கையால் வயரிங் செய்து பார்த்தவர்கள் நாம்.

எந்த சிஸ்டத்தை எடுத்தாலும் ஆரம்பிப்பதற்கு ஒரு ஃபங்ஷன் கொடுத்தவர்கள் நிறுத்துவதற்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸில் செட்டைமர் இருந்தால் கில்டைமர் இருக்கிறது. பிரவுசரில் செட்இன்டர்வல் இருந்தால் கிளியர்இன்டர்வல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் போஸ்ட்டிலேய்டு இருந்தால் ரிமூவ்கால்பேக்ஸ் இருக்கிறது. செய்தவர்கள் ஜோடியாகத்தான் செய்தார்கள். படிக்கிற நாம்தான் பாதியை மட்டும் படிக்கிறோம்.

ஏன் பாதி மட்டும்? நம் லேப் அப்படி. அவுட்புட் வந்தால் கையெழுத்து. எக்ஸாமினரும் ஸ்கிரீனைப் பார்ப்பார், "வந்துருச்சா? சரி, வைவாவுக்கு வா" என்பார். முதல் தடவை ஓடினால் போதும் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள்; நாமும் பழகிக்கொண்டோம். ரெக்கார்டு நோட்டில் சீனியர் எழுதியதைப் பார்த்து எழுதினோம். இப்போது ஏ.ஐ.-யிடம் கேட்டால் அரை நிமிடத்தில் முழு புரோகிராமும் வருகிறது. அதுவும் பல நேரம் வீக் செல்ஃப் போட்டே தருகிறது. ஏன் போட்டது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

மந்திரம் மாதிரி எல்லா இடத்திலும் வீக் போடுவதும் அறிவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை அடித்து ஓயும் டைமர், அடித்து முடித்ததும் தானே செல்லாததாகி பிளாக்கை விட்டுவிடும். அங்கே நிரந்தர வலை இல்லை. திரும்பத் திரும்ப அடிக்கும் டைமரில்தான் ஆபத்து. எது எங்கே வேண்டும் என்று தெரிவதுதான் படிப்பு.

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான விண்ணப்பம். லேப் தேர்வில் இன்னும் இரண்டே இரண்டு நிமிடம் எங்களுக்காகச் செலவிடுங்கள். "மூடு. திரும்பத் திற. லாக் பண்ணி வச்சு எடு" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கணக்கு சரியாக இருந்தால் மார்க் போடுங்கள். முதலில் எங்களில் பாதிப் பேர் தோற்போம். பரவாயில்லை! லேபில் தோற்றால் எங்கள் மார்க்தான் போகும். வெளியே தோற்றால் யாரோ ஒருவருடைய கூலி போகும்.

நண்பர்களுக்கும் ஒன்று. டைமரை ஓட விடும் வரியை எழுதியதும், அடுத்த வரிக்குப் போகாதீர்கள். நிறுத்தும் வரியை அப்போதே எழுதுங்கள். பிறகு அந்த வரிக்கு உண்மையிலேயே போகிறதா என்று ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். எழுதியிருக்கிறேன் என்பது வேறு, நடக்கிறது என்பது வேறு. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

டிரெயினிங் முடிந்து கிளம்பும் நாளில் பட்டறைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். திருத்திய ஆப் ஓடிக்கொண்டிருந்தது. பையன் வேண்டுமென்றே ஸ்கிரீனை நாலைந்து தடவை மூடி மூடித் திறந்தான். மணி சரியாக 40 நிமிடத்தில் அடித்தது. மாஸ்டர் ஐபேடைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார்.

"இப்பச் சரியா இருக்குதுங் தம்பி. இருந்தாலும் அந்தக் கடிகாரத்தக் கழட்டச் சொல்லாதீங்க" என்றார்.

கழற்றச் சொல்லவில்லை, நண்பர்களே. நானும் இனி அதைப் பார்த்துவிட்டுத்தான் "முடிஞ்சிருச்சு" என்று சொல்வேன்.